வைரஸ் எழுதிய கடிதம்

பெண்டாட்டியை "வா" என்று கூப்பிடுவதில்லை என்று தனசீலன் சபதம் போட்டுப் பதினெட்டு நாளாகிறது. மீன் குழம்பில் உப்பில்லை என்று தொடங்கிய சண்டையில், "நீ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். ஜோஸ்பின் மறுநாளே தூத்துக்குடிக்கு, அம்மா வீட்டுக்கு வண்டியேறிவிட்டாள்.

"உங்க வாயால வான்னு கூப்பிடாம வரமாட்டேன்."

தாராவியில் அவர்கள் வீடு பத்துக்குப் பத்து. அவள் போனதும் அது மைதானமாகிவிட்டது. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டீ போடுவார். இரண்டாவது தொண்டையில் இறங்காது.

அப்போதுதான் மாஹிம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜோஸ்பின் பெயரில் ஒரு மெயில் வந்தது. 'மிஸ் யூ. போட்டோ பாருங்கள்.' மனுஷன் நாற்காலியிலிருந்து துள்ளினார், போட்டோவைத் திறந்தார். ஆபீஸில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன.

பக்கத்து மேஜை மகேஷ்குமார் தலையிலடித்துக்கொண்டான். "அரே அண்ணாச்சி, இது வைரஸ்! பேரு மட்டும்தான் அண்ணியோடது. அனுப்புனவன் வேற எவனோ."

ஜோஸ்பின் தன்னைத் தேடவே இல்லை என்பதில் தனசீலனுக்கு நெஞ்சு அடைத்தது. கூடவே மூளையும் திறந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்ததும் தன் பெயரிலேயே அவளுக்கு எழுதினார்: 'நீ இல்லாமல் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. வா.' அவள் கேலி செய்தால் வைரஸ் என்று சொல்லிவிடலாம். சபதமும் பிழைக்கும், சேதியும் போய்ச் சேரும்!

மதியமே போன் வந்தது. "உங்க மெயில் வந்துச்சு."

"மெயிலா? நான் அனுப்பலியே! வைரஸா இருக்கும்ளா. அது நம்ம பேரைப் போட்டு அனுப்புமாம்."

"அப்படியா? நான் நம்பி நாளைக்கே டிக்கெட் போட்டுட்டேன். சரி, கேன்சல் பண்ணிருதேன்."

"ஏளா, இரு இரு! அது... நான்தான்!"

"எது நீங்க?"

"வைரஸ்! நான்தாம்ளா அந்த வைரஸ்!"

"அப்பம் வாயால சொல்லுங்க."

"வா."

"கேக்கலை."

"வந்துரு ஜோஸ்பின்! நீ இல்லாம முடியல!" ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தனசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"யாருக்குத் தெரியும்? இனிமதான டிக்கெட்டே போடணும்."