சூட்டில் நின்ற கார்

அன்று காலை அந்தக் காரில் இருந்தவர்கள்: மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து இளைப்பாறிய அம்பலவாணர், கார் புறப்பட்டதும் கண்ணை மூடிக்கொள்ளும் அவருடைய தங்கை சின்னத்தங்கம், கலியாணத்துக்காகத் தகப்பனோடு பினாங்கு போகிற மகள் மீனலோசனி, காரை ஓட்டுகிறவனும் அதன் சொந்தக்காரனும் பக்கத்து வளவுக்காரனுமான சிவபாதம். பின்னால் கட்டியிருந்த ட்றங்குப் பெட்டியும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மூட்டையும் கணக்கில் இல்லை.

கார் மண்கும்பானில், அம்பலவாணர் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தது.

"ராகுகாலம் வரப்போகுது. வெளிக்கிடும் தம்பி."

"இஞ்சின் கொஞ்சம் சூடேறட்டும் ஐயா. நிண்டபடி ஓடுறது சரியில்லை."

"சூடு போற வழியிலை ஏறும். எடும்!"

சிவபாதம் இஞ்சின் மூடியைத் தூக்கி, காபரேற்றரில் காதை வைத்து, பெற்றோல் விடுகிற திருகாணியைக் கொஞ்சம் திறந்தான். இருமல் நின்றது. நேற்று நன்றாகத்தானே ஓடியது என்று யோசித்தான். பனியாக்கும் என்று விட்டுவிட்டான்.

மத்தியானம் ஊர்காவற்றுறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தோணி. அங்கே பினாங்குக் கப்பல். இந்தக் கப்பலை விட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோணி போய்விட்டால் நல்லது என்று நினைக்கக்கூடிய ஒரே ஆள் சிவபாதம். ஆனால் அவன் கார்க்காரன். ஏற்றிய ஆளைக் கொண்டுபோய் இறக்காத கார்க்காரன் என்ன கார்க்காரன்?

மீனலோசனியோடு தனியாகப் பேச அவனுக்கு ஒருமுறைதான் வாய்த்தது. இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியின் ஓட்டையால், அந்தப் பொட்டால், எட்டிப் பார்த்து, "நெடுக அந்த ஆணியை என்னத்துக்குத் திருகிறியள்?" என்று கேட்டாள். ஒரு பின்னேரம் முழுக்க அவன் காபரேற்றரைப் பற்றிப் பேசினான். குளிரில் இஞ்சின் கூடக் குடிக்கும், சூட்டில் குறையக் குடிக்கும். குளிரில் திருத்தினால் சூட்டில் மூச்சடைத்து நிற்கும். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். வேறொன்றும் அவன் சொல்லவில்லை.

ஊரிலுள்ள இளசுகள் எல்லாம் அவனை அண்ணை என்றார்கள். அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாடகைக் கார் ஓடுகிறவனுக்கு அண்ணை என்பதும் கூடத்தான் என்று நினைக்கிறாளாக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வேலணைச் சந்தியில் மாடுகள் குறுக்கே போயின. வேகத்தைக் குறைத்தான். கார் கரும்புகை கக்கி நின்றது.

"பெற்றோல் காணாது போலை," என்று ஆணியை இன்னும் திறந்தான். ஹாண்டிலைச் சுழற்றினான். அது திருப்பி உதைத்ததில் மணிக்கட்டு வீங்கியது.

"ஆறட்டும். அவசரப்படாதேங்கோ," என்றாள் மீனலோசனி.

நக்கலாக்கும் என்று அவனுக்குக் காது சிவந்தது. அம்பலவாணரின் சால்வையை வாங்கி, நனைத்து, காபரேற்றரில் சுற்றினான். கார் கிளம்பியது. சரவணையில் மறுபடி நின்றது. சால்வை கரித்துணியாகியிருந்தது.

"அது என்ரை பட்டுக்கரைச் சால்வை!"

"காத்துப் படட்டும் ஐயா," என்று சிவபாதம் மூடியையே கழற்றிக் கூரையில் கட்டினான். அது காற்றில் பறந்து பனங்கூடலுக்குள் விழுந்தது. தேடப் போனதில் அவனுடைய வேட்டியும் கிழிந்தது.

நாரந்தனையில் ஸ்டேசன் மாஸ்டரே காரைத் தள்ளினார்.

"நான் இருந்த ஸ்டேசனிலை ஒரு றெயின் இப்பிடி நிண்டதோ?"

"றெயினுக்குக் காபரேற்றர் இல்லை ஐயா."

"கதைக்காமல் திருத்தும்!"

சின்னத்தங்கம் கண்ணை மூடியபடி முருகனைக் கூப்பிட்டார். மீனலோசனி இறங்கி வந்து, கொதிக்கிற இஞ்சினைப் பார்த்தாள்.

"நல்லாய்ச் சூடேறிப்போச்சு. இப்பிடியே விட்டால் என்ன?" என்றாள் மெதுவாக.

சூடு. அவனுக்குப் பொறி தட்டியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவனே படித்துப் படித்துச் சொன்ன பாடம்! குளிரில் திறந்த ஆணி. வழியெல்லாம் இன்னும் திறந்துகொண்டு வந்திருக்கிறான். விரல் சுட, இஞ்சினை ஓடவிட்டபடியே ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தான். புகை வெளுத்தது. இஞ்சின் நூல் பிடித்தாற்போல் ஓடியது.

அதன் பிறகு கார் பறந்தது. அவள் பார்த்திருப்பாள் என்று கண்ணாடியில் பார்த்தான். அவள் பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்காவற்றுறைத் துறைமுகக் கொட்டகை வாசலில் காவல்காரன் குருசுமுத்து கதவுகளின் திறப்புக் கோர்வையோடு நின்றான். "ஓடி வாங்கோ, தோணி வெளிக்கிடப் போகுது!"

அம்பலவாணர் பெட்டியோடு உள்ளே ஓடினார். மீனலோசனி வாசலில் நின்றாள்.

"கார் இனி நிக்காதோ?"

"நிக்காது," என்றான் சிவபாதம் பெருமையாக. "நம்பிப் போகலாம்."

அவள் கொஞ்ச நேரம் அவனுடைய கரிக் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

பின்சீட்டில் சின்னத்தங்கம் அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"நீர் வலு கெட்டிக்காரன்தான் தம்பி. விடியக்காத்தாலை வேலிப் பொட்டாலை பூந்து வந்து அவள் திருகிவிட்ட ஆணியை, எவ்வளவு பாடுபட்டுத் திருத்திப்போட்டீர்!"

குருசுமுத்து கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.