சொல்யூஷன் போட்டு ஒட்டிய பெட்டி வண்டி

ஆம்பூர்க்காரனுக்குப் பொருள் உடைந்தால் கவலை வராது. அதான் சொல்யூஷன் இருக்கிறதே! ஷூ கம்பெனியில் அடியையும் மேல்பாகத்தையும் சேர்த்து ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். செருப்பு, ஸ்கூல் பை, குடை, கிழிந்த சோபா, பிளாஸ்டிக் வாளி என்று எங்கள் வீட்டில் நான் அதால் ஒட்டாத பொருள் கம்மி. (வாளி நிற்கவில்லை. அது வாளியின் தப்பு.) கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் பல வருஷம் நின்றவன் என்பதால் எனக்கு இந்த நம்பிக்கை மற்றவர்களைவிட ஜாஸ்தி. அந்த நம்பிக்கையால்தான் என் மனைவியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

செல்வி அப்போது எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தாள். பெரிய கம்பெனியிலிருந்து வெட்டிய தோலை வாங்கி வந்து, ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. அதை அப்பர் என்போம். எங்கள் தெருவிலிருந்தே ஆறேழு பெண்கள் வந்து தைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களுடைய பிள்ளைகளும் மாடிக்கே வந்துவிடும். மெஷின் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் சேர்ந்து எனக்குத் தலைவலியே வரும். செல்வியோ அந்தச் சத்தத்துக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன எலெக்ட்ரிக் பிக்கப் வாங்கி, அவளுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் முதலாளி அவள், டிரைவர் நான்.

வண்டியின் பின்பக்கம் கூரையில்லாமல் திறந்தே இருக்கும். ஒரு மழை நாளில் தார்பாயைத் தாண்டித் தண்ணீர் இறங்கி, லோடில் பாதி கறைபட்டுப் போனது. கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் ரஃபீக் பாய் நல்ல மனுஷன். கத்தவில்லை.

"தோ பாரு குமாரு, இனிமே மூடின வண்டியிலதான் மால் வரணும். அடுத்த லோடு கிளீனா வந்துச்சுன்னா உங்க யூனிட்ட பர்மனென்ட்டா சேத்துடறேன். வருஷம் பூரா வேலை இருக்கும். மறுபடியும் இப்டி வந்துச்சு, என் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

பைபாஸ் ஓரத்தில் லாரிக்கு பாடி கட்டும் முனிரத்தினத்திடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சொன்னது ஊர் உலகம் செய்கிற வழிதான். ஆங்கிள் சட்டம், வெளியே தகரம், உள்ளே பிளைவுட், எல்லாவற்றையும் ரிவெட் அடித்து இறுக்குவது, காற்றுப் போக மேலே இரண்டு சந்து. ஊர் உலகம் செய்வதையே நானும் செய்தால் என் அனுபவத்துக்கு என்ன மரியாதை?

"வெயிட் ஏறிடும்ணே. இது கரண்டு வண்டி. வெயிட் ஏறினா சார்ஜ் நிக்காது" என்றேன்.

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற?"

"பிளைவுட் வேணாம். உள்ள ஃபோம் வெச்சு, அது மேல லைனிங் தோலு. எல்லாத்தையும் சொல்யூஷன்ல ஒட்டிக்கலாம். ரிவெட்டே வேணாம்."

"நிக்குமா?"

"ஷூவே நிக்குது, இது நிக்காதா? ஷூ மேல மனுஷன் ஏறி நடக்கறாண்ணே!"

முனிரத்தினம் டேப்பை எடுத்து வண்டியை அளக்க ஆரம்பித்தார். டீக்கடையில் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் எந்த சொல்யூஷன் வாங்கலாம் என்றுகூட யோசனை சொன்னார். செல்வி மட்டும், "ஏங்க, வெயில்ல உள்ள சூடாவாதா?" என்று கேட்டாள். அதற்குத்தான் ஃபோம் என்று அவள் வாயை அடைத்தேன்.

சந்து வைத்தால் தூசி வரும் என்று அதையும் அடைக்கச் சொன்னேன். தூசி படிந்தால் தெரியக்கூடாது என்று வெளியே கறுப்புப் பெயின்ட். (கறுப்பில்தான் தூசி நன்றாகத் தெரியும் என்பதை வண்டி வெளியே வந்த அன்றே கண்டுகொண்டேன்.) உள்ளே சுவர், கூரை எல்லாம் சிவப்பு லைனிங் தோல். நானே கையால் தடவி, நானே ஒட்டினேன். கதவைத் திறந்து காட்டியபோது மாடியிலிருந்து பெண்கள் எல்லோரும் இறங்கி வந்து பார்த்தார்கள். "நகைப்பொட்டி மாதிரி இருக்குதுண்ணா" என்றார் பத்மா அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர் அவர். ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

லோடு தயாரானது மே மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். லேடீஸ் ஷூவுக்கான அப்பர், பால் வெள்ளைத் தோல். வாரம் முழுக்க அந்தப் பெண்கள் கையைக் கழுவிக் கழுவித் தைத்தது. ட்ரேயில் அடுக்கி வண்டிக்குள் ஏற்றி முடிக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

"உடனே கிளம்புங்க" என்றாள் செல்வி.

"பத்தரைக்கு ராகு காலம். வழியில புடிச்சுக்கும். பன்னண்டு தாண்டி எடுக்கறேன்."

(ராகு காலம் பார்க்கிறவர்களை அதற்கு முன்னால் நான் கிண்டல் செய்ததுண்டு. பெட்டி வண்டி வந்ததும் பக்தியும் வந்துவிட்டது.) ஆகவே வண்டி வாசலிலேயே வெயிலில் நின்றது. பன்னிரண்டுக்கு மேல் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். கம்பெனிக்குப் போனால் கேட் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள், திரும்ப இரண்டு மணியாகும். அதே கம்பெனியில் அத்தனை வருஷம் அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை. ராகுவுக்கு பயந்தவன் ஜும்மாவை மறந்துவிட்டேன்.

பக்கத்திலேயே புங்கமர நிழல் இருந்தது. அங்கே நான் போய் உட்கார்ந்துகொண்டேன். வண்டியை மட்டும் கேட்டுக்கு நேராக வெட்டவெயிலில் நிறுத்தினேன். தொழுகை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டுமே! வேலூர்ப் பக்கத்து மே மாச வெயிலைப் பற்றி மற்றவர்களுக்குத்தான் சொல்லவேண்டும். எங்களுக்கு வேண்டாம். ஆனால் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எதிர்பார்த்தபடியே கூட்டம் கூடியது. ரஃபீக் பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, "சபாஷ் குமாரு, தொற" என்றார். திறந்தேன்.

கூரையைக் காணோம். அது மொத்தமாக இறங்கி ட்ரேக்கள் மேல் படுத்திருந்தது. பக்கச் சுவர்களும் அதோடு சேர்ந்து மடிந்து வந்திருந்தன. பதறிப்போய் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சொல்யூஷன் வெல்லப் பாகு மாதிரி நூல் நூலாக நீண்டதே தவிர விடவில்லை. தோலோடு நாலு அப்பரும் சேர்ந்து வந்தன. உதவிக்கு வந்த செக்யூரிட்டியின் தொப்பி அதில் ஒட்டிக்கொண்டது. என் சட்டைக் கையும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடுவிக்கப் பார்த்து இன்னும் சிக்கிக்கொண்டோம். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

ரஃபீக் பாய் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "குமாரு, நீ பேஸ்டிங்ல ஹீட்டர்கிட்டதானே நின்ன?"

ஆமாம். பசை தடவிக் காய்ந்த அடியை ஹீட்டருக்குள் விடுவோம். சூட்டில் பசை மறுபடி இளகும். இளகியதும் எடுத்து வைத்து அழுத்தி ஒட்டுவோம். பல வருஷம் நான் செய்த வேலையே அதுதான். சூடு பட்டால் சொல்யூஷன் இளகும் என்பது ஆம்பூரில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. கறுப்புத் தகரத்தில் சந்தில்லாத ஹீட்டர் ஒன்றைக் கட்டி, அதற்குள் என் மனைவியின் லோடை ஏற்றி, சூடேற வெயிலிலும் நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பசையைக் கரைக்கும் மருந்தால் துடைத்தார்கள். லைனிங்கின் சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைத் தோல் ரோஸ் நிறமானது. பத்மா அக்காதான் முதலில் துணியைக் கீழே வைத்தார். அப்போதுகூட யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செல்வி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு யூனிட்டுக்கு வேலை வரவில்லை. மெஷின்களை ஒவ்வொன்றாக விற்றோம். பெண்கள் சிலருக்குக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. பத்மா அக்காவை வயசு ஜாஸ்தி என்று சேர்த்துக்கொள்ளவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். நான் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

குடும்பத்தில் இந்தக் கதைக்கு வயசே ஆவதில்லை. கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் செல்வியின் அண்ணன் ஆரம்பித்துவிடுவார். எங்கே சுவர்க் காரை பெயர்ந்து விழுந்தாலும், "மாப்ள ஒட்டினதா?" என்பார். கூரை விழுவதையும் செக்யூரிட்டி தொப்பியையும் நடித்தே காட்டுவார். அதோடு நிறுத்திவிடுவார். அதற்கு மேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

போன மாசம் அவர் மகளுக்கு வாணியம்பாடியில் நிச்சயதார்த்தம். பந்தியில் புது சம்பந்தி வீட்டாருக்கு முழுக்கதையும் சொல்லி முடித்தார். சாம்பார் வாளி வைத்திருந்தவர்கூட நின்று சிரித்தார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

அந்தம்மாவின் இலைக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்த செல்விதான் பதில் சொன்னாள். "அப்புறம் இன்னா? டெய்லி காலைல கம்பெனி பஸ்ஸுல தையல் வேலைக்குப் போறேன்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானுந்தான்.