லட்சம் கோடி வழிகள்

மூன்றாவது முறையும் கல்லூரியின் மதிப்பெண் போர்ட்டல் கார்குழலியின் புதுப் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயமாம். லாஸ்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் அவள். மாலைக்குள் மதிப்பெண்களை ஏற்றாவிட்டால் அவள் வகுப்பே பரீட்சை எழுத முடியாது. ஆனாலும் அவள் மசியவில்லை. நாலாவது முறையும் வெறும் சொற்களையே அடித்தாள். போர்ட்டல் அவளை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது.

கணினிப் பிரிவு ஃப்ளோரானிடம் போனாள். பெயருக்குப் பின்னால் ஒரு @, ஒரு 123 போட்டால் தீர்ந்தது, எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றான்.

"எல்லாருமா? ஸ்டாஃப் நாப்பது பேரு. நாப்பது தடவ தட்டினா காலேஜே தொறந்துடும்."

"ரூல் ரூல்தான், மதாம்."

"தப்பான ரூலுக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

ஃப்ளோரான் நேரே பிரின்சிபால் நிர்மலாதேவியிடம் புகார் சொன்னான். வெறும் சொற்களே பலமான பாஸ்வேர்டு என்று மதியத்துக்குள் எல்லார் முன்னாலும் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ளோரானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தம்மா தீர்ப்பளித்தார். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே கார்குழலி சாக்பீஸைத் தேடினாள்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணை மூடி அகராதியில் நாலு இடத்தில் விரல் வைத்தாள். புளி, ரயில், கொசு, தபேலா. போர்டில் எழுதினாள். அகராதியில் ஆயிரமே சொற்கள் என்று வைத்தாலும் ஒன்றை எடுக்க ஆயிரம் வழி. இரண்டை எடுக்க ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கு, பத்து லட்சம். நாலு என்றால் லட்சம் கோடி.

"ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கறவன் கெழவனாயிடுவான். இத எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. பழைய விதி ரத்து, மாலைக்குள் அனைவரும் நாலு சொல்லுக்கு மாற வேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவிட்டார். ஃப்ளோரான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டான். மதிப்பெண்கள் ஏறின.

மறுநாள் காலை கார்குழலி நிமிர்ந்த நடையோடு கணினி அறைக்குள் நுழைந்தாள். அங்கே உதவியாளராக இருக்கும் அஞ்சலாட்சியிடம், நாற்பது பேரும் மாற்றிவிட்டார்களா, யாராவது திணறினார்களா என்று விசாரித்தாள்.

"ஒருத்தரும் திணறல மேடம், எல்லாருக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றாள் அஞ்சலாட்சி பெருமையாக. "புளி ரயில் கொசு தபேலா. அதத்தான எவனாலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு சொன்னீங்க?"