மொட்டையாகக் கேட்கத் தெரியாதவர்கள்

கிளென்மார்கன்,
சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு, கெஸியா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். அருவங்காட்டில் நீங்களும் உங்கள் மூட்டுவலியும் சுகமாக, அதாவது நீங்கள் சுகமாகவும் மூட்டுவலி இல்லாமலும் இருக்க ஜெபிக்கிறேன்.

பெங்களூர் வேலை வேண்டாமென்று இந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் சேர்ந்ததிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. கடிதத்தை வாங்காமல் இருக்க முடியாது. போஸ்ட்மேன் உங்கள் சிநேகிதர்.

என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எஸ்டேட்டின் சுற்றறிக்கை, லீவு விதி, மெஷின் கையேடு எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தேடிப் பதில் சொல்கிற ஏஐ உதவியாளரை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அமைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்துப் பராமரிப்பது. மேனேஜர் தங்கையா சார் சரியென்றால்தான் அதுவும் நிலைக்கும், நானும் நிலைப்பேன்.

முதல் நாளே ஃபேக்டரி முத்துவேல் அண்ணன் வந்து, "வணக்கமுங்க, சாப்ட்டீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? டிரையர்ல சூடு ஏற மாட்டேங்குது" என்று டைப் அடித்தார், அது கடமையாகத் தேடி, இன்று கேன்டீனில் எலுமிச்சை சாதம், குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு காலி என்று சொல்லிவிட்டு டிரையரை மறந்துவிட்டது, "அண்ணா, கேள்விய மட்டும் கேளுங்க" என்றால், பக்கத்து சீட் வனிதா அக்கா, "அதெப்படி கெஸியா, மொட்டையா கேட்டா அது நம்மள என்ன நெனைக்கும்?" என்கிறார், சரியென்று நலம் விசாரிப்பைத் தாண்டிக் கேள்வியைப் பிடிக்க அதுக்குச் சொல்லிக்கொடுத்த அவசரத்துல, மேனேஜர் சாரோட சொந்த ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன்பா, கேன்டீன்ல இந்த மாசம் எவ்வளவு சர்க்கரை வாங்கலாம்னு கேட்டிருக்காங்க, அது சாரோட டாக்டர் எழுதினதைப் படிச்சு, தங்கையாவுக்கு அரை ஸ்பூன்கூடக் கூடாதுன்னுருச்சு, மறுநாள் இலை எடுக்கற ஆண்டாயி அக்கா அவரை வழியில நிறுத்தி, "ஏனுங்க சார், இந்த வயசுல இனிப்பு எதுக்குங்க?"ங்கறாங்க, கேன்டீன்ல வெறும் கசப்பு டீ குடுக்கறாங்க, அவர் என்னைக் கூப்பிட்டு, "என் சர்க்கரை எஸ்டேட் சொத்தாம்மா?"ன்னு கேட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. உடனே மூடிட்டேன். ஆனா தெரிஞ்சது தெரிஞ்சதுதானே.

நீங்கள் சொன்னதே சரி. திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டுப் பெங்களூர் போகிறேன். போனை மட்டும் எடுங்கள்.

தம்பி ஆஷ்லிக்கு என் அன்பு. கர்த்தர் நம் வீட்டை ஒரு குறையுமின்றிக் காப்பாராக.

உங்கள் மகள்,
கெஸியா

பி.கு. (திங்கட்கிழமை): மேலே எழுதியது எதுவும் செல்லாது. ராஜினாமா என்றதும் தங்கையா சார், "திறக்கவும் மூடவும் தெரிஞ்ச ஒரே ஆளு நீ. நீயும் போயிட்டா நான் யாரைம்மா திட்டறது?" என்று சொல்லிவிட்டார். கவரை ஒட்டலாமென்று உட்கார்ந்தால், மழையில் நனைந்துகொண்டு நீங்களே வாசலில் வந்து நிற்கிறீர்கள். இதைக் கையிலேயே தருகிறேன், திரும்பும்போது பஸ்ஸில் படியுங்கள். வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல், பையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்து, "தோட்டத்துல அட்டை கடிக்கும். போட்டுப் பாரு. அஞ்சு வருஷம் உழைக்கும்னான் கடைக்காரன்" என்கிறீர்கள்.

அளவு சரியாக இருக்கிறது, அப்பா.