ஆப்பசோடா அக்காவும் ஒரு வெள்ளை வேட்டியும்

கம்பம் பள்ளத்தாக்கில் எரிமலை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால் அதை நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆப்பசோடா அக்கா எங்கள் காம்பவுண்டுக்குக் குடிவந்த பிறகு சனிக்கிழமை தவறாமல் எரிமலை வெடித்தது. சில வாரம் புதன்கிழமையும் வெடித்தது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்திருக்கும். நாங்கள் கேட்பதற்குள் பிள்ளைகள் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அவள் கணவர் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு ஜீப் ஓட்டுபவர். ஒரே மகள், யுகேஜி. பள்ளிக்கூட வேன் வந்து நின்றதும் அந்தச் சிறுமியோடு காம்பவுண்டின் பொடிசுகள் எல்லாம் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும்.

மண்ணைக் குவித்து நடுவில் ஒரு டம்ளரைப் புதைப்பாள். ஆப்பசோடா, கேசரிப் பவுடர், கடைசியில் எலுமிச்சைச் சாறு. சிவப்பாக நுரை பொங்கி வழியும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். தெருமுனைக் கடையில் ஆப்பசோடா வந்த அன்றே தீர்ந்துவிடும். அந்த வருடம் எங்கள் தெருவில் யார் வீட்டு ஆப்பமும் உப்பவில்லை.

எல்லாம் போனில் பார்த்துப் படித்ததுதான். பாதி சொதப்பும். சோடாவில் திராட்சை போட்டால் மேலும் கீழும் ஆடும் என்று ஒருநாள் பன்னீர் திராட்சையைக் கொத்தாக உதிர்த்துப் போட்டாள். எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

"ஏன்க்கா ஆட மாட்டேங்குது?"

"நம்மூருத் திராட்சைல்ல. யாரு சொன்னாலும் ஆடாது."

பிறகு பாயசத்துக்கு வைத்திருந்த உலர்ந்த திராட்சையைப் போட்டாள். அது ஆடு ஆடு என்று ஆடியது. பிள்ளைகள் விடவில்லை. "இது மட்டும் ஏன்க்கா ஆடுது?"

"இன்னொருக்கா செஞ்சு பாரு."

அன்றிலிருந்து எந்த 'ஏன்' என்ற கேள்விக்கும் அவளிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான். காரணம் அவளுக்குத் தெரியாது என்பது என் அனுமானம். ஆனால் பிள்ளைகள் இன்னொருக்கா செய்தார்கள். அதற்குப் பிறகும் இன்னொருக்கா செய்தார்கள்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். யாராவது பேச வந்தால் தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்ளும் ரகம். அவள் அதற்கெல்லாம் அசரமாட்டாள். "மதினி, ஆமைக்குக் கண்ணு இல்ல" என்பாள். என் பட்டன் டப்பாவில் கைவிட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவாள். கொட்டாங்குச்சி ஆமை, தீப்பெட்டி ரயில், வாழைநார் மீசை வைத்த சிங்கம் என்று எல்லாமே என் பட்டனால்தான் விழித்துப் பார்த்தன.

பிள்ளைகளின் சட்டை அழுக்காகக் கூடாது என்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே திருப்பிவிடலாம். எங்கள் ஹவுஸ் ஓனரும் அந்தக் கட்சிதான். அவருடைய வேட்டியைப் பார்த்தால் கண் கூசும். "இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?" என்று நாளும் கேட்பார். முன்பிருந்த வீட்டை இதே காரணத்துக்காகக் காலி செய்துவிட்டு வந்தவள் அக்கா. இங்கேயும் விரட்டினால் பிள்ளை குட்டியோடு வேறு வீடு கிடைப்பது கஷ்டம். அது தெரிந்தும் சனிக்கிழமை எரிமலை நிற்கவில்லை.

ஆனி மாதம். மேற்கு மலையிலிருந்து காற்று பேயாக அடிக்கும் காலம். அன்று மந்திரத் தாள் செய்கிறோம் என்று வெள்ளைத் தாள்களில் மஞ்சள் கரைசலைப் பூசிக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாகத் தெரியும். காய்வதற்குள் காற்று வந்தது. தாள்கள் பறந்து, பக்கத்துக் கொடியில் தொங்கிய ஓனரின் ஈர வேட்டியில் போய் அப்பிக்கொண்டன. மறுநாள் பக்கத்து ஊரான தேவாரத்தில் மகனுக்குப் பெண் பார்க்கப் போவதற்காக எடுத்து வைத்த வேட்டி அது.

ஓனரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அத்தை, பதறிப்போய் மஞ்சள் கறை மேல் சோப்பைப் போட்டுத் தேய்த்தார்கள். வேட்டி ரத்தச் சிவப்பாகிவிட்டது.

ஓனர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏத்தா, நல்ல காரியத்துக்குப் போற வேட்டில ரத்தக்கறையா? சூனியமா வைக்கிற? நாளைக்கே வீட்டக் காலி பண்ணிட்டு வேற எங்கனயாச்சும் போயிரு."

காம்பவுண்டே வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மாமா, உங்க மக கல்யாணத்துக்கு இதே வாசல்ல ஆலாத்தி சுத்துனாகளே, மஞ்சத்தண்ணில சுண்ணாம்பக் கலக்கி, செவசெவன்னு. அது யாரு வச்ச சூனியம்?"

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஓனர் தூக்கிப் பிடித்த வேட்டியைக் கீழே இறக்கினார்.

அக்கா ஒரு எலுமிச்சையை வேட்டியின் மேல் பிழிந்தாள். எங்கள் கண் முன்னாலேயே சிவப்பு மஞ்சளானது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மஞ்சளும் வெயில்ல போயிரும், மாமா."

"போகலேன்னா?"

"நாளைக்கே காலி பண்றேன். போயிருச்சுன்னா நீங்க சேர் போட்டு ஒக்காந்து எரிமலை பாக்கணும்."

சொல்லிவிட்டாள். ஆனி மாதத்து வெயிலை யார் நம்புவது? கொஞ்சம் அடிக்கும், உடனே மேகம் மூடும், சாரல் தூறும். வெயில் முற்றத்தில் எங்கே விழுகிறதோ அங்கே வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தூறினால் உள்ளே, வெளுத்தால் வெளியே. ஒரு முனையை ஓனர் வீட்டு அத்தையே பிடித்திருந்தார்கள். வாய் திறக்காத நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெரு பார்க்க நின்றேன். அன்று எனக்குக் குனியத் தோன்றவில்லை. அக்காவின் மகள் மட்டும் தன் புத்தகப்பையைக் கட்டி வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். வீடு மாறிப் பழகிய பிள்ளை.

பொழுது சாயும்போது ஓனர் வந்து வேட்டியை விரிக்கச் சொன்னார். தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அத்தை தன் முனையை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்துப் பிடித்திருந்தார்கள். விரல் இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அத்தையும் பார்த்தார்கள்.

"இன்னும் என்னத்தப் பாக்குறீக? வெள்ளையாத்தான இருக்கு" என்றார்கள்.

சனிக்கிழமை ஓனர் சேரில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அன்று ஆப்பசோடாவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார்கள். நுரை பொங்கி அவர் கால்வரை வந்தது. காலைத் தூக்கிக்கொண்டவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏத்தா, இது எதனால பொங்குது?"

"இன்னொருக்கா செஞ்சு பாருங்க, மாமா."

போன வருடம் ஜீப் ஸ்டாண்டு மாறியதால் அக்கா வீட்டார் குமுளிப் பக்கம் போய்விட்டார்கள். யாரும் விரட்டவில்லை. வண்டியில் சாமான் ஏற்றியது ஓனர்தான்.

இப்போதெல்லாம் என் டப்பாவில் பட்டன் குறைவதே இல்லை. மூடியை மட்டும் நான் இன்னும் போடுவதில்லை.