ஃப்ரிட்ஜில் ஓர் ஊசித்தட்டான்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பா காலியாக இருந்தது.

பூச்சி வாத்தியார் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில் பன்னிரண்டு வருடம் முழங்கால் தண்ணீரில் நின்று, இன்று காலைதான் அந்த ஊசித்தட்டானைப் பிடித்திருந்தார். அற்றுப்போன இனம் என்று பட்டியலில் எழுதி மூடிவிட்ட பூச்சி! தீக்குச்சி உடம்பு, கண்ணாடிச் சிறகு. பார்த்தால் படைத்தவன் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும். வால்நுனிக் கொக்கிகளை லென்ஸில் பார்த்து, நோட்டில் இனத்தின் பெயரெழுதி, பக்கத்தில் 'ஆண்' என்றும் குறித்தார். குளிரில் பூச்சி சிறகடிக்காமல் சும்மா கிடக்கும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தார்.

பத்து மணிக்கு நிபுணர் அம்மா வருகிறார். அந்த இனம் இங்கே பிழைத்துப் பெருகுகிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால் குளம் தப்பிக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மண் லாரிகள் வந்து மூடிவிடும்.

"என்னங்க, திரைச்சீலையில ஏதோ உக்காந்திருக்கு!" மனைவி கத்தினாள்.

"அதேதான்! மூடியைச் சரியா போடல போல. ஜன்னலைச் சாத்து!"

"ஃப்ரிட்ஜுல பூச்சி வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

ஜன்னலைச் சாத்திய சத்தத்தில் பூச்சி மிரண்டு ஃபேன் பக்கம் பறந்தது. வாத்தியார் பதறிப்போய் மெயினையே அணைத்தார். வலையோடு ஸ்டூலில் ஏறி வீசினார். வலை ஃபேனில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கும்போது மூக்குக்கண்ணாடி விழுந்தது. இறங்கியவர் அதன்மேலேயே காலை வைத்தார்.

மெயின் இல்லாததால் காலிங்பெல் அடிக்கவில்லை. நிபுணர் அம்மா கால் மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். தப்பிச்சிருச்சு."

"அசையாதீங்க" என்றார் அவர்.

பூச்சி வாத்தியார் தோளில் உட்கார்ந்திருந்தது. நிபுணர் அம்மா அதன் சிறகுகளை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்து எடுத்து, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல. அதே இனம்தான். பன்னிரண்டு வருஷம் விடாம தேடியிருக்கீங்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும் சார்!"

வாத்தியார் பதிலுக்குக் கும்பிட்டார்.

"ஆனா இது பொண்ணு. நோட்டுல நீங்க ஆண்னு எழுதியிருக்கீங்களே?"

"என் கண்ணால பார்த்தேனே மேடம்!"

"ஒத்தைப் பொண்ணை வெச்சு, இனம் பெருகுதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? இதுக்கு ஜோடி எங்க?"

வாத்தியார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் தண்ணீரில் நின்றோம்? குளம் போயிற்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விருந்தாளிக்குத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, கேரட்டுக்குப் பின்னால இன்னொரு டப்பா இருக்கு. உங்க பூச்சி அதுல சொகுசா உக்காந்திருக்கே! அப்புறம் நீங்கல்லாம் அங்க யாரைத் துரத்திக்கிட்டு இருக்கீங்க?"