ஆட்டமடக்கியார் படகேறிய கதை

துறைமுகத்தில் அன்று மீனுக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. ஐஸ் உடைக்கிறவர்கள் ஐஸை வெயிலில் போட்டுவிட்டு ஓடினார்கள். வலை பின்னுகிறவர்கள் பாதி முடிச்சில் எழுந்தார்கள். எல்லோரும் ஓடியது ஆட்டமடக்கியாரைப் பார்க்க.

அவர் யார் என்கிறீர்களா? கடலின் ஆட்டத்தையே அடக்குகிற மகான். ஒரு பெரிய கல்லருகே குனிந்து அதன் காதில் ஏதோ ஊதுவார். கல்லுக்குக் காது எங்கே என்று கேட்டால் உங்களுக்குப் பக்குவம் போதாது என்று அர்த்தம். ஊதிய கல்லைப் படகின் கேபின் கூரைமேல் வைத்துக் கட்டினால் அந்தப் படகு கவிழவே கவிழாதாம்.

போன பருவத்தில் ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் திரும்பி வரவில்லை. பயந்த ஜனம், பாவம், யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். கை நீட்டியவரைத்தான் கேலி செய்யப் போகிறேன்.

அன்று கல் ஏறியது ஒரு சின்னப் படகில். படகுக்காரனும் அவனுடைய ஆட்கள் ஐந்து பேரும் மதியம் கடலுக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். கல் ஏறுமுன் நாலு பேர் படகை ஆட்டிக் காட்டினார்கள். வெடுக் வெடுக்கென்று ஆடியது. பிறகு நூறு கிலோ கல்லைக் கூரையில் ஏற்றிவிட்டு மறுபடி ஆட்டினார்கள். அடடா, என்ன சொல்ல, தொட்டில் மாதிரி மெதுவாக, சொகுசாக ஆடியது.

"பாத்தீங்களா, கடல் அடங்கிருச்சு" என்றார் ஆட்டமடக்கியார்.

கூட்டம் சொக்கிப் போனது. ஒருத்தி மட்டும் சொக்கவில்லை. படகுக்காரனின் அக்கா. அந்தத் துறைமுகத்து என்ஜின்களையெல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

"தம்பி, அந்தக் கல்லை இறக்கு."

"சும்மா இருக்கா. எவ்வளவு அமைதியா ஆடுதுன்னு நீயே பாரு."

"அமைதியா ஆடலைடா. சாஞ்சா நிமிர யோசிக்குது."

"என்ஜினைப் பத்தி மட்டும் பேசுக்கா" என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வாதாடவில்லை. தன் பட்டறையிலிருந்து அதே எடையில் ஒரு செத்துப்போன என்ஜினைத் தூக்கிவரச் சொன்னாள். கல்லை இறக்கி அதைக் கூரையில் வைத்து ஆட்டச் சொன்னாள். அதே தொட்டில். அதே சொகுசு.

"இதோட காதுல யாரும் ஊதலையே" என்றாள்.

கூட்டம் யோசிக்கும் என்று நினைத்தீர்களா? வலைக்காரர் ஒருவர் அந்த என்ஜினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "துருப்பிடிச்சாலும் என்ன சக்தி பாரேன்" என்றார்.

ஆட்டமடக்கியாரும் லேசுப்பட்டவரா? "என் பார்வை பட்ட எல்லாத்துக்கும் அந்தச் சக்தி உண்டும்மா" என்றார்.

"அப்படிங்களா? அப்ப நீங்களே கூரைமேல கல்லுக்குப் பக்கத்துல உக்காந்துட்டா படகு இன்னும் அமைதியாயிடுமே?"

"நான் கரையை விட்டு வரக்கூடாதுன்னு ஒரு விரதம்..."

அவர் முடிக்கவில்லை. பக்தி பொங்கிவிட்டது. பத்துப் பேர் அவரை அலாக்காகத் தூக்கினார்கள். என்ஜினை இறக்கிக் கல்லை ஏற்றி, பக்கத்தில் மகானையும் உட்காரவைத்தார்கள். அவர் கெஞ்சியதெல்லாம் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கரையோரம் மார்பளவுத் தண்ணீர்தான். அக்கா தம்பியின் ஆட்களிடம், "வலை இழுக்கிற மாதிரி அஞ்சு பேரும் ஒரே பக்கமா நில்லுங்க" என்றாள்.

நின்றார்கள். படகு சாய்ந்தது. சாய்ந்தது, அப்படியே நின்றது. நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்தது. மேலே மகானின் முகம் வெளுத்துவிட்டது.

"டேய், கல்லைத் தள்ளுங்கடா, கவுந்துரும்டா" என்று அலறினார்.

"கல்லு இருந்தா கவுறாதே ஐயா?" என்றாள் அக்கா.

"மேல கனம் ஏத்துனா கவுறாம என்னம்மா பண்ணும்? பத்து வருஷம் கப்பல்ல பாரம் ஏத்துனவன், எனக்குத் தெரியாதா? முதல்ல தள்ளச் சொல்லு!"

தம்பி எகிறிப் போய்க் கல்லைத் தண்ணீரில் உருட்டினான். படகு வெடுக்கென்று நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் மகான் மறுபக்கம் பறந்தார், தொப்பென்று விழுந்தார். மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, மிதவைச் சட்டை வேண்டும் என்று கத்தினார். கல் வேண்டும் என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

"வெடுக்குனு நிமிர்ந்தா படகுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்" என்றாள் அக்கா. "இதைத் தலையில வச்சுக்கிட்டு நடுக்கடல்ல வலை இழுக்கப் போகப் பாத்தியேடா."

கூரைமேல் கிடந்த வலை மூட்டை, டீசல் கேன், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தம்பியே அடித்தளத்துக்கு இறக்கினான். இறக்கி முடித்துத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

வலைக்காரர் மெல்லக் கேட்டார். "ஏம்மா, ஊதின கல்லைப் படகோட அடியில வச்சா வேலை செய்யுமா?"

"செய்யும். ஊதாத கல்லும் செய்யும்."

அவர் தலையாட்டினார். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பருவத்தில் இன்னொருத்தர் வருவார், வேறு எதையாவது ஊதுவார். கும்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள், ஐயா. படகையும்தான், ஆளையும்தான்.